மணலா, பாறையா, உப்பா, குளிரா: முதல் பாலைவனப் பயணத்துக்கு எதைத் தேர்வது?

அண்மையில் ஒரு தம்பதி என்னிடம் இரண்டு படங்களைக் காட்டினார்கள். கணவர் காட்டியது மாலை வெயிலில் சிவந்து நிற்கும் ஒரு மணல்மேடு, அதன் முகட்டில் ஒற்றை ஆள். மனைவி காட்டியது தரையும் வானமும் ஒன்றாகிப்போன ஓர் உப்புவெளி. இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது எட்டு நாள் விடுப்பு. போகவர இரண்டு நாள் போனால் மிச்சம் ஆறு. “இரண்டில் எது?” என்று கேட்டார்கள்.

இதே கேள்வியை வெவ்வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போகலாமா, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா, ஓர் இரவு போதுமா, ஒட்டகச் சவாரி இல்லாமல் அங்கே என்னதான் செய்வது. அதனால் நான் எப்படி எடை போடுகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்துப் பாலைவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாலைவனம் ஒரு காட்சியாக நிற்பதில்லை, பொழுதோடு மாறிக்கொண்டே இருக்கிறது. உச்சி வெயிலில் பார்த்தால் எந்த மணல்மேடும் வெளுத்துப்போன ஒரு மேடுதான். மாலை 5 மணிக்கு அதே மேட்டின் ஒரு பக்கம் நிழல் விழுந்து முகடு கத்தி விளிம்புபோல் எழுந்து நிற்கும். இரவில் அது இருக்கும் இடமே தெரியாது. விடியற்காலையில் அதன் மேல் வண்டும் பல்லியும் நரியும் நடந்துபோன தடங்கள் கோலம்போல் பதிந்திருக்கும். இந்தச் சுற்று முழுவதையும் ஒரு முறையாவது பார்க்காமல் திரும்பினால் பாலைவனத்துக்குப் போய் வந்ததாகவே நான் எண்ணமாட்டேன்.

என் முதல் பயணம் அப்படித்தான் வீணானது. மாலை 4 மணிக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். இருபது நிமிடம் ஒட்டகம், அரை மணி நேரம் சூரிய அஸ்தமனம், அப்புறம் ஒலிபெருக்கியும் வண்ண விளக்குகளும். 9 மணிக்கெல்லாம் விடுதி அறைக்குத் திரும்பிவிட்டேன். பாலைவனம் என்றால் இவ்வளவுதான் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

## பாலைவனம் என்றால் மணல்தானா?

ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்க்டிகா. வெப்பப் பாலைவனங்களில் பெரியது சஹாரா, சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர். அந்தச் சஹாராவிலேயே மணல் மூடிய பகுதி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கல் பரந்த சமவெளி, பாறை மேட்டுநிலம், மலை, வறண்ட ஓடைப்படுகை.

நம் மொழிக்கு இது புதிய செய்தி இல்லை. ஐந்திணையில் பாலைக்கு என்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை. மணல் இருக்கிறதா என்பதல்ல, ஈரம் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. ஆகவே எந்த ஊர் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பயணியின் கண்ணோட்டத்தில் நான் நான்காகப் பிரிப்பேன்: மணற்கடல், பாறைப் பாலை, உப்புவெளி, உயரமான குளிர்ப் பாலை.

## எதை வைத்து எடை போடுவது?

இரவுகள். போய்ச் சேர்ந்த களைப்பு தீர்ந்தபின், அதே இடத்தில் எத்தனை இரவு உங்களுக்கு மிச்சம்? மொத்த விடுப்பு நாட்களை இதில் சேர்க்காதீர்கள்.

உடம்பு. பாலையில் உடம்பைச் சோதிப்பவை வெயில், குளிர், உயரம், நடை என்று நான்கு. காற்றில் ஈரமும் வானில் மேகமும் இல்லாததால் பகலில் ஏறிய சூடு இரவில் தங்காமல் போய்விடும். ஒரே நாளில் 20 டிகிரி வேறுபாடு சாதாரணம். வெயிலுக்கு மட்டும் துணி எடுத்துப் போகிறவர்கள் முதல் இரவே நடுங்குகிறார்கள்.

அமைதியும் இருட்டும். பாலைவனத்தின் ஈர்ப்பில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். இலை அசையும் ஓசை இல்லை, பூச்சி இல்லை, தண்ணீர் இல்லை. காற்றும் நின்றுவிட்டால் சொந்த மூச்சு காதில் கேட்கும். ஆனால் இது தானாகக் கிடைத்துவிடாது, இடமறிந்து தேட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. பணம் மட்டும் அல்ல. பாதையில் கரையும் நாட்கள், ஓய்வுக்கென்று ஒதுக்க வேண்டிய நாட்கள், கேமராவுக்குள் போகும் மணல், காப்பீட்டில் சேராத விபத்து, உங்கள் கால் பட்டதால் அந்த நிலத்துக்கு நேரும் சேதம், எல்லாமே செலவுதான்.

கூட வருபவர்கள். நிழல் இல்லாமல் ஒரு நண்பகலைக் கழிக்க முடியாத ஒருவர் கூட இருந்தால் மொத்தத் திட்டமும் மாறும்.

## மணற்கடல்

பாலைவனம் என்றதும் மனதில் எழும் காட்சி இது. அரேபியாவின் ருப் அல் காலி சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தொடர்ந்த மணல். மொராக்கோவில் மெர்சூகா ஊரை ஒட்டிய எர்க் செப்பியில் மேடுகள் 150 மீட்டர் வரை உயர்கின்றன. இந்தியாவின் தார் பாலைவனத்தில் ஜெய்சல்மேரை அடுத்த சாம், குரி மேடுகள் இவற்றைவிடச் சிறியவை. நமீபியாவின் சோசஸ்வ்லே பகுதியிலோ 300 மீட்டரைத் தாண்டிய மேடுகள் உண்டு.

மணல்மேட்டில் ஏறும்போது அதன் அமைப்பு தெரிந்திருந்தால் பாதிக் களைப்பு மிச்சம். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் சரிவு குறைவாகவும் மணல் இறுகியும் இருக்கும். முகட்டைத் தாண்டி விழும் மணல் மறுபக்கத்தில் சுமார் 34 டிகிரிச் சரிவில் நிற்கும். அதற்கு மேல் ஒரு பிடி சேர்ந்தாலும் சரியும். அந்தப் பக்கமாக ஏறினால் இரண்டடி வைக்க ஓரடி வழுக்கும். முகட்டின் மேலேயே, முன்னே போனவர் கால்தடத்தில் கால் வைத்து நடப்பதுதான் எளிய வழி. சில மேடுகளில் மணல் சரியும்போது தூரத்தில் விமானம் போவதுபோல ஆழ்ந்த முழக்கம் எழும். மங்கோலியக் கோபியின் கோங்கோரின் எல்ஸ் மேடுகளுக்குப் பாடும் மணல் என்ற பெயரே அதனால் வந்தது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது மணற்கடல்தான். விழுந்தாலும் அடிபடாது, உருளலாம், சறுக்கலாம், தோண்டலாம். வேறெந்தப் பாலையும் குழந்தையின் கைக்கு இவ்வளவு விளையாட்டைக் கொடுக்காது. ஆனால் முற்பகல் 10 மணிக்குமேல் மணல் கொதிக்கத் தொடங்கிவிடும், வெறுங்காலுடன் விடக் கூடாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் இதற்கு ஒரு விதிவிலக்கு. அங்கே இருப்பது ஜிப்சம் மணல், வெள்ளையாக இருப்பதோடு வெயிலிலும் அவ்வளவாகச் சுடாது.

செலவுகளுக்கு வருவோம். புகழ்பெற்ற மேடுகள் பெரும்பாலும் சாலை எட்டும் தூரத்தில் இருக்கின்றன, கூட்டமும் அங்கேதான். பத்து முகாம்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஜெனரேட்டர் ஓட, மேடெல்லாம் மோட்டார் வண்டித் தடம். அமைதியைத் தேடிப் போனவருக்கு இது பெரிய இழப்பு. அறை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்து முகாம் எவ்வளவு தூரம், இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, காற்று. தாரில் மே, ஜூன் மாதங்களில் கிளம்பும் புழுதிப் புயலை ஆந்தி என்பார்கள், ஒரு நாள் முழுவதும் கூடாரத்துக்குள் முடங்க வைக்கும். மூன்றாவது, கேமரா. மணல்வெளியில் லென்ஸ் மாற்றினால் உள்ளே போன துகள் ஊர் வந்தபின் வேலையைக் காட்டும். ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு அதிலேயே எடுப்பது நல்லது. நான்கு சக்கர மோட்டார் பைக்கில் மேடேறுவது பல பயணக் காப்பீடுகளில் சேராது, பத்திரத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

நமீப் பாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்லாண்டிக் கரையோரம் ஓடும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டத்தால் அங்கே கடல்மூடுபனி பல கிலோமீட்டர் உள்ளே வருகிறது. மழையை நம்பாமல் இந்தப் பனியை நம்பி வாழும் உயிர்கள் அங்கே உண்டு. ஒரு வகை வண்டு காலையில் மேட்டின் முகட்டுக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படிந்த பனி நீராகி வாய்க்கு வழியும். டெட்வ்லே என்ற வெண்களிமண் படுகையில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் உளுத்து விழக்கூட ஈரமில்லாமல் கறுத்து நின்றுகொண்டிருக்கின்றன. இந்த மணற்கடல் 2013 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். அழகில் இதற்கு மேல் மணல் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் சரளைச் சாலையில் பல மணி நேரம் ஓட்ட வேண்டும், டயர் பஞ்சராவது அங்கே வழக்கம். பத்து நாளுக்குக் குறைவாக வைத்திருப்பவர் இதை அடுத்த முறைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

## பாறைப் பாலை

எனக்குப் பாலைவனம் பிடிபட்டது இங்கேதான். ஜோர்டானின் வாதி ரம், அல்ஜீரியாவின் தசிலி நஜ்ஜெர், அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி, ஆஸ்திரேலியாவின் உலுரு எல்லாம் இந்த வகை.

வாதி ரம்மில் கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்பாறை மலைகள் செங்குத்தாக நிற்கின்றன. இடையில் சிவந்த மணல் தெருக்கள்போல ஓடுகிறது. முதல் நாள் மாலை பாறைகளெல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. இரண்டாம் நாள், எது முதலில் வெயில் வாங்கும், எதன் நிழல் எங்கே நீளும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது எல்லாம் தெரிந்த முகங்களாகிவிட்டன. மணல்மேட்டிலும் இதே மாற்றம் நடக்கிறது, ஆனால் பாறை அசையாமல் நிற்பதால் ஒளி நகர்வது அதன் மேல் துல்லியமாகத் தெரிகிறது. இரண்டு இரவு மட்டும் கைவசம் உள்ளவருக்குப் பாறையே அதிகம் கொடுக்கும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நிழல். நண்பகலில் மணற்கடலில் கூடாரத்துக்குள் போய்ப் புழுங்குவதைத் தவிர வழி இல்லை. பாறைப் பாலையில் எந்த நேரமும் ஏதோ ஒரு சுவரடியில் நிழல் இருக்கும். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டி வலி உள்ளவருக்கு மணலில் ஏறுவது மிகவும் கடினம். பாறையடியில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தால் நிலம் தானே அவர் முன்னால் நிறம் மாறும். பகல் சூட்டை வாங்கி வைத்த பாறை அந்தி சாய்ந்தபின்னும் கொஞ்ச நேரம் இளஞ்சூடாக இருப்பது இன்னொரு சுகம்.

மூன்றாவது, மனிதர் விட்டுச்சென்ற தடங்கள். வறண்ட பாறையின் மேல் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்லப் படிந்து கருமையான ஒரு மெருகு உண்டாகும். அதைக் கீறினால் உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும். அப்படித்தான் பழைய மனிதர்கள் எழுதினார்கள். வாதி ரம்மில் ஏறத்தாழ 25,000 பாறைக் கீறல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2011-இல் அதற்கு யுனெஸ்கோ தகுதி கிடைத்தபோது இயற்கை, பண்பாடு இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். தசிலி நஜ்ஜெர் ஓவியங்களில் மாட்டு மந்தைகளும் நீர்யானையும் வருகின்றன. இன்று புல்லுக்கே வழியில்லாத இடத்தில் நின்று அவற்றைப் பார்க்கும்போது, சஹாரா ஒரு காலத்தில் பசுமையாக இருந்தது என்ற பாடப்புத்தகச் செய்தி கண்முன் வந்து நிற்கிறது.

ஆபத்தும் இங்கே உண்டு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பாலையில் வெள்ளம் வரும். காய்ந்த மண்ணும் பாறையும் நீரை உறிஞ்சாததால், பெய்த மழை அப்படியே ஓடைப்படுகைக்குள் பாயும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப்பிளவுக்குள் இருந்த 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில். குறுகிய பிளவுக்குள் போகும் நாளில் மேற்பகுதியின் வானிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வறண்ட படுகையில் எந்தக் காரணத்துக்காகவும் கூடாரம் போடாதீர்கள்.

இன்னொரு மறைசெலவு அவசரம். நான்கு மணி நேரத்தில் எட்டு இடம் என்ற ஜீப் சுற்று எல்லா இடத்திலும் விற்கப்படுகிறது. இறங்கு, படம் எடு, ஏறு. இரண்டு இடம் போதும், மீதி நேரம் நடக்கிறோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் பெரும்பாலான வழிகாட்டிகள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள்.

சில பாறைகள் அங்கே வாழும் மக்களுக்குப் புனிதமானவை. உலுருவில் ஏறுவது 2019 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதன் உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. அடிவாரத்தைச் சுற்றி நடப்பதே நிறைவான நடை, ஏற முடியவில்லையே என்று அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. தென்மேற்கு அமெரிக்காவில் மண்ணின் மேல் கறுப்பாக, பொருபொருவென்று ஒரு தோல் இருக்கும். பாசியும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. ஒரு மிதி ஆறப் பல ஆண்டுகள் ஆகும். பாதையை விட்டு விலகாமல் நடங்கள்.

## உப்புவெளி

பொலிவியாவின் உயூனி 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த உப்பு. குஜராத்தின் கட்ச் ரண் இன்னொன்று. இரண்டுக்கும் இரண்டு முகம் உண்டு: காய்ந்தால் வெள்ளைத் தளம், நனைந்தால் நீர்த்தளம்.

அந்தத் தம்பதியில் மனைவி காட்டிய கண்ணாடிக் காட்சி, உயூனியில் மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை மெல்லிய நீர் தேங்கி நிற்கும்போது வருவது. மே முதல் நவம்பர் வரை போனால் அறுகோணக் கட்டம் போட்ட உலர்ந்த உப்புத்தரைதான். நல்ல மழைக்காலத்தில் நீர் அதிகமாகி, நடுவே கற்றாழை வளர்ந்த இன்காவாசித் திட்டுக்கு வண்டி போக முடியாமலும் ஆகலாம். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது கிடைக்காது. ரண் பகுதி மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும், டிசம்பர், ஜனவரியில் நன்றாகக் காய்ந்திருக்கும். அங்கே பௌர்ணமி இரவில் நடப்பது தனி அனுபவம், தரையே வெளிச்சம் தருவதுபோல இருக்கும்.

ஆனால் இவ்வளவு தூரம் போவதற்கு இது மட்டும் போதுமா என்றால், போதாது என்பது என் கருத்து. ஒரு மாலை, ஓர் இரவு, ஒரு விடியல், அதோடு உப்புவெளி தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடும். நிழல் அறவே இல்லை. கீழிருந்து எதிரொளிக்கும் வெயில் மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும்கூடத் தோலைச் சுடும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நண்பகலில் நிற்கவே கூடாது. உயூனி 3,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அடுத்த பகுதியில் சொல்லப்போகும் மூச்சுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வேறொரு பயணத்தோடு சேர்த்துக்கொள்ள மிக நல்ல இடம்.

## உயரமான குளிர்ப் பாலை

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். பனிமலை பின்னால் நிற்க, நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டரில் மணல்மேடும், வணிகப் பாதைக் காலத்தில் வந்து தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகமும். ஒரே சட்டகத்தில் பனி, மணல், ஆறு, ஆப்ரிகாட் மரம் எல்லாம் வரும் இடம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. சிலியின் அட்டகாமாவில் சான் பெத்ரோ ஊர் 2,400 மீட்டரில் இருந்தாலும், அங்கிருந்து பார்க்கப் போகும் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,300 மீட்டரில். கோபியில் உயரம் குறைவு, தூரம் அதிகம். அங்கே பயன்சாக் என்ற செம்பாறைச் சரிவில் 1923-இல் கிடைத்த முட்டைகள்தான் டைனோசர் முட்டைகள் என்று அறிவியல் முதலில் ஏற்றுக்கொண்டவை.

வானத்துக்காகப் போகிறவர் என்றால் தயங்காமல் இங்கே போகலாம். உலகின் பெரிய தொலைநோக்கிகளில் பல அட்டகாமாவில் இருப்பது தற்செயல் இல்லை. காற்று மெல்லியது, உலர்ந்தது, விளக்கொளி இல்லாதது. லடாக்கின் ஹன்லே சுற்றுப்புறம் 2022-இல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

விலையை உடம்புதான் கொடுக்கிறது. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். வயதோ உடற்பயிற்சியோ இதைத் தடுப்பதில்லை. விமானத்தில் நேராக லேயில் இறங்கினால் முதல் இரண்டு நாள் ஓய்வு என்று ஒதுக்கியே தீர வேண்டும். நுப்ராவுக்குப் போகும் வழியில் 5,300 மீட்டருக்கு மேல் இருக்கும் கர்துங் லா கணவாயைக் கடக்க வேண்டும். எட்டு நாள் விடுப்பில் போகவர இரண்டு, ஓய்வு இரண்டு, சாலையில் இரண்டு என்றால் மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போடலாம். இதய, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. காப்பீடு எந்த உயரம் வரை செல்லும் என்பதையும் பாருங்கள், சில திட்டங்களில் அதற்கு வரம்பு உண்டு. இன்னொன்று, 4,500 மீட்டரில் நட்சத்திரம் பார்க்க வெளியே வந்தால் பதினைந்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். நல்ல கையுறையும் காலுறையும் கேமராவைவிட முக்கியம்.

## ஒரே பார்வையில்

| | மணற்கடல் | பாறைப் பாலை | உப்புவெளி | குளிர்ப் பாலை |
|---|---|---|---|---|
| அந்த இடத்தில் குறைந்தது | 1 முதல் 2 இரவு | 2 இரவு | 1 இரவு | 3 இரவு, ஓய்வு நாள் தனி |
| உடம்பைச் சோதிப்பது | ஏற்றம், சுடுமணல் | வெயில், பாறை நடை | கண் கூச்சம், நிழலின்மை | உயரம், குளிர் |
| அமைதி | முகாமைப் பொறுத்தது | எளிதில் கிடைக்கும் | விழாக்காலம் தவிர நன்று | மிக நன்று |
| மறைசெலவு | கூட்டம், காற்று, கேமரா | அவசரச் சுற்று, திடீர் வெள்ளம் | பருவம் தவறினால் வேறு காட்சி | கரையும் நாட்கள் |
| நிலாக் கணக்கு | வளர்பிறைத் தொடக்கம் | வளர்பிறைத் தொடக்கம் | பௌர்ணமி | அமாவாசை |
| பொருந்துவது | குழந்தைகளோடு | பெரியவர்களோடு, ஒரே ஒரு பயணத்துக்கு | வேறு பயணத்தோடு சேர்த்து | வானம் பார்ப்பவருக்கு |

## நிலாவும் பருவமும்

நிலாக் கணக்கை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். தேதியை முடிவு செய்யும்போது பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். பௌர்ணமி அன்று மணலில் படுத்தால் நிலா வெளிச்சம் அழகாக இருக்கும், நட்சத்திரம் பாதி மறைந்துபோகும். அமாவாசைக்கு அடுத்த மூன்று, நான்கு நாட்களில் மெல்லிய பிறை மாலையில் கொஞ்ச நேரம் நின்று மறையும், அப்புறம் முழு இருட்டு. இரண்டும் கிடைக்கும் நாட்கள் அவை.

பால்வீதியின் ஒளி மிகுந்த நடுப்பகுதியைப் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தார், சஹாரா, வாதி ரம் போன்ற வடகோளப் பாலைகளில் இதமான பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அந்த மாதங்களின் முன்னிரவில் அந்த நடுப்பகுதி வானில் இருக்காது. அதற்குப் பதில் ஓரியனும் கார்த்திகைக் கூட்டமும் தலைக்கு மேல் நிற்கும், டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் விழும். நடுப்பகுதிதான் வேண்டும் என்றால் கோடைப் பருவத்தில் போகக்கூடிய லடாக், அல்லது மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலமாக இருக்கும் நமீபியா, அட்டகாமா. அங்கே இதமான பருவமும் பால்வீதியும் ஒன்றாக அமைகின்றன.

வடகோள வெப்பப் பாலைகளுக்குக் கோடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று மட்டும் போய்விடாதீர்கள். அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரிதான் இன்றும் உலக உச்ச வெப்பம் என்று ஏற்கப்பட்டிருக்கிறது. ஈரானின் லூத் பாலையில் 2005-இல் தரையின் வெப்பம் 70.7 டிகிரியைத் தொட்டதாகச் செயற்கைக்கோள் காட்டியது. டெத் வேலிப் பூங்கா ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறது. வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்று தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

## அந்தத் தம்பதிக்குச் சொன்னது

அவர்கள் கையில் இருந்தது ஆறு நாள், நடுவயதுத் தம்பதி, கூட அறுபத்தெட்டு வயது அம்மா. உயரமான இடங்களை முதலில் விலக்கினோம், உயூனியும் அதோடு போனது. மிச்சம் மணலும் பாறையும். அம்மாவால் மேடேற முடியாது, ஆனால் கயிற்றுக் கட்டிலில் மணிக்கணக்காக வெளியே உட்கார்ந்திருக்கப் பிடிக்கும் என்றார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாதி ரம்மில் மூன்று இரவு, ஒரே முகாம், ஒரே ஒரு ஜீப் சுற்று. அங்கேயும் பாறைகளுக்கு நடுவே சிவந்த மணல்சரிவுகள் இருக்கின்றன, கணவர் ஆசைப்பட்ட முகட்டில் அவர் நிற்கலாம். மனைவியின் கண்ணாடி வானம் பெரிய விடுப்பு கிடைக்கும் ஒரு பிப்ரவரிக்குக் காத்திருக்கட்டும் என்று முடிவானது.

விமானச் சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார்கள். போவதாக இருந்த வாரத்தின் நடுவில் பௌர்ணமி. பயணத்தைப் பதினாறு நாள் தள்ளி வைத்தார்கள்.